பாலைவனத்துக்கு ஒரு வாடகை வண்டி

வாடகைக்கு எடுக்கும் வாகனத்தின் ஒப்பந்தப் பத்திரத்தைக் கடைசி வரி வரையில் வாசிக்கும் பொறுமை நம்மில் அநேகருக்குக் கிடையாது. விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்தைப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவதே வழக்கம். ஆனால் ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள நமீபியா தேசத்துக்குச் சென்று, அதன் தலைநகரான வின்ட்ஹூக்கில் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு, உலகத்தின் மிகப் பழைய பாலைவனங்களுள் ஒன்றென்று சொல்லப்படும் நமீபைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர், அந்தப் பத்திரத்தை ஒரு தடவைக்கு இரு தடவை படிப்பது நல்லது. அதில் சிங்கத்தைப் பற்றியோ தாகத்தைப் பற்றியோ ஒரு வார்த்தையும் இராது. மணற்குன்றுகளைப் பற்றிக்கூட ஓரிரு வரிகள்தாம் இருக்கும். பத்தி பத்தியாக நீளும் நிபந்தனைகளெல்லாம் கப்பிச்சாலையைக் குறித்தவை: இன்ன வேகத்துக்கு மேல் போகலாகாது, இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டலாகாது, வேறு வண்டி எதுவும் மோதாமல் தானாகவே கவிழ்ந்தால் நஷ்டம் ஓட்டியவர் தலையில். ஒரு வியாபாரி எதற்கு அஞ்சுகிறான் என்பதை அவன் எழுதி வைக்கும் நிபந்தனைகளே காட்டிக் கொடுத்துவிடும். பாலைவனத்தில் வண்டி வாடகைக்கு விடுகிறவர்கள் அஞ்சுவது மணலுக்கன்று, சரளைக்கு.

நமீபியாவின் விஸ்தீரணம் சுமார் 8,25,000 சதுர கிலோமீட்டர். 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கண்ட ஜனத்தொகையோ முப்பது லட்சத்தைச் சற்றே தாண்டியது. இவ்வளவு விசாலமான பூமியில் இவ்வளவு சொற்பமான மனிதர்கள் சிதறி வாழ்வதால், பாலைவனத்தின் உள்ளே நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரயிலோ பஸ்ஸோ ஏறக்குறைய இல்லையென்றே சொல்ல வேண்டும். சுற்றுலாக் கம்பெனியாரின் கூட்டத்தோடு கூட்டமாகச் செல்லலாம். அல்லது வண்டியை நாமே எடுத்து ஓட்டலாம். இரண்டாவது வழியை மேற்கொள்ளுகிற இந்தியருக்கு ஒரு சௌகரியம் உண்டு. 1884 முதல் ஜெர்மானியரின் காலனியாகவும், முதல் உலக யுத்தத்தின்போது 1915-இல் கைமாறிய பின்பு தென்னாப்பிரிக்காவின் ஆதிக்கத்திலும் இருந்து, 1990-இல் சுதந்திரம் பெற்ற இத்தேசத்தில் நம்மைப்போலவே சாலையின் இடப்புறம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். ஆட்சிமொழி ஆங்கிலமாதலால் பலகைகளைப் படிப்பதிலும் சிரமமில்லை. நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓராண்டுக்குச் செல்லும்படியாகக் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் புறப்படுமுன் வாங்கி வைத்துக்கொண்டால், வண்டிக்காரர் கேட்கும் காகிதங்களைப் பற்றிக் கவலையில்லை.

வண்டிக் கொட்டகையில் நமக்காகக் காத்து நிற்பது பெரும்பாலும் டொயோட்டா ஹைலக்ஸ் ரகத்தைச் சேர்ந்த டீசல் வண்டியாக இருக்கும். முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை ஆசனங்கள், பின்னால் மூடியிட்ட சாமான் பெட்டி, கூரைமேல் மடித்துக் கட்டிய கூடாரம். ஏணியை இழுத்து ஊன்றினால் கூடாரம் விரிந்து இருவர் படுக்கும் அறையாகிவிடும். பெட்டிக்குள் வண்டியின் பேட்டரியில் ஓடும் குளிர்பெட்டி, சமையலுக்குக் காஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன், மண்வெட்டி, இழுவைக் கயிறு, காற்றடிக்கும் சிறு கம்பிரஸர், காற்றளக்கும் மானி முதலியன இருக்கும். ஸ்டெப்னி ஒன்றுக்கு இரண்டாக வைத்திருப்பார்கள். இரண்டு எதற்கு என்று கேட்பவர்கள், டயர் கிழிந்தால் அடுத்த பஞ்சர்க் கடைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கம்பெனி ஆள் ஒருவர் கையில் காகிதத்தோடு வண்டியைச் சுற்றி வருவார். அதில் வண்டியின் உருவம் கோட்டோவியமாக இருக்கும். கீறல் கண்ட இடத்திலெல்லாம் ஒரு பெருக்கல் குறி போடுவார். அவர் போடாத கீறலுக்கு நாம் பின்னால் பதில் சொல்ல வேண்டுமாதலால், அவரோடு நாமும் சுற்றி வந்து, கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்து, முன்கண்ணாடியில் கல் தெறித்த வடு ஏதேனும் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைவிட முக்கியமானது, அநேகமாக ஒருவரும் செய்யாதது: ஜாக்கியை வெளியே எடுத்து ஒரு சக்கரத்தையாவது தரையிலிருந்து தூக்கிப் பார்ப்பது. வீல் ஸ்பானர் நட்டுக்குப் பொருந்துகிறதா, ஸ்டெப்னியைத் தொங்கவிட்டிருக்கும் சங்கிலியை இறக்கும் கம்பி எங்கே இருக்கிறது, அந்த ஸ்டெப்னிகளில் காற்று இருக்கிறதா என்பனவற்றையெல்லாம் கொட்டகையின் நிழலில், உதவிக்கு ஆள் இருக்கும்போது தெரிந்துகொள்வதற்கும், நடுவெயிலில் ஆளற்ற சரளைக்காட்டில் மண்டியிட்டுத் தேடுவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

இன்ஷூரன்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வாடகையோடு சேர்ந்து வரும் சாதாரணப் பாதுகாப்பில், விபத்து நேர்ந்தால் ஒரு பெருந்தொகை வரையில் நாம்தான் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக நம் கிரெடிட் கார்டில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். நாளொன்றுக்கு இவ்வளவென்று கூடுதலாகக் கட்டினால் அந்தப் பொறுப்பு குறையும் அல்லது நீங்கும். ஆயினும், எல்லாம் அடங்கிய பாதுகாப்பு என்று பெயர் சூட்டியதில்கூட எல்லாம் அடங்கியிருப்பதில்லை. டயரும் கண்ணாடியும் தனிக்கணக்கு. வண்டியின் அடிவயிறு தனிக்கணக்கு. எரிந்துபோன கிளட்ச், ஆற்றுநீர் புகுந்த என்ஜின், மணற்காற்று அரித்த சாயம், மாற்றி ஊற்றிய பெட்ரோல் ஆகியவை பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் சேரா. இவற்றுள் டயருக்கும் கண்ணாடிக்கும் உரிய சிறு தொகையைக் கஞ்சத்தனம் பாராமல் கட்டிவிடுவதே விவேகம் என்பேன்; ஏனெனில் மற்றவை நேர்ந்தாலும் நேரும், நேராமலும் போகும்; கல் தெறிப்பது மட்டும் அநேகமாக நிச்சயம்.

இனிச் சாலைக்கு வருவோம். நமீபியாவின் சாலைகளில் பெரும்பகுதி தாரைக் கண்டதேயில்லை. எண்ணுக்கு முன்னால் பி என்ற எழுத்துள்ளவை பெரும்பாலும் தார்ச்சாலைகள். சி என்றும் டி என்றும் குறித்தவை மிகுதியும் சரளை பரப்பியவை. மண்ணைச் சீவும் இயந்திரத்தை ஓட்டி அவ்வப்போது சமப்படுத்துகிறார்கள். சமப்படுத்திய சில வாரங்களிலேயே சாலையின் குறுக்கே அலையலையாக வரிகள் எழும்பிவிடுகின்றன. இது சாலை போட்டவர்களின் குற்றமன்று. வட்டமாகச் சுழலும் மணற்படுக்கையின்மேல் ஒரு சக்கரத்தை ஓட்டிப் பரிசோதித்த இயற்பியல் அறிஞர்கள், குறிப்பிட்ட ஒரு வேகத்தைத் தாண்டியவுடன் தளர்ந்த தரையில் இந்த அலைகள் தாமாகவே தோன்றிவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். அந்த வேகத்துக்குக் கீழே போனால் வரி உண்டாகாது; ஆனால் அது, பிரயாணிகள் எவரும் பொறுத்துக்கொள்ள மாட்டாத அளவுக்கு நத்தை வேகம். ஆகவே ஒவ்வொரு வண்டியும் தனக்கு முன் சென்றது எழுப்பிய அலையை இன்னும் சற்று உயர்த்திவிட்டுச் செல்கிறது.

இந்த வரிகளின்மேல் மெதுவாகச் சென்றால் எலும்புகளெல்லாம் கழன்றுவிடும்போல் வண்டி உதறும். வேகத்தைக் கூட்டக் கூட்ட உதறல் குறைந்து, சக்கரங்கள் அலையின் முகடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு பறப்பதுபோல் ஒரு சுகம் தோன்றும். அபாயம் அந்தச் சுகத்தில்தான் ஒளிந்திருக்கிறது. முகட்டை மட்டும் தொடும் சக்கரத்துக்குத் தரையின்மேல் பிடிப்புப் பாதிதான். ஒரு வளைவு வந்தாலும், ஓரத்தில் குவிந்த சரளையில் ஒரு பக்கத்துச் சக்கரம் ஏறினாலும், வண்டியின் பின்பாகம் தன்னிச்சையாக விலகத் தொடங்கும். அப்போது பதற்றத்தில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று எதிர்ப்புறம் திருப்புவதும், பிரேக்கைக் காலால் உதைப்பதும் மனித சுபாவம். கூரைமேல் கூடாரமும், வயிற்றில் தண்ணீரும் டீசலும் சுமந்து, இயல்பாகவே உயர்ந்து நிற்கும் வண்டி அந்த ஒரு திருப்பலிலேயே உருண்டுவிடுகிறது. சக்கரம் இறுகாமல் காக்கும் இக்காலத்துப் பிரேக் சாதனத்தை நம்பியும் பயனில்லை. தார்ச்சாலையில் உயிர் காக்கும் அச்சாதனம், சரளையில் வண்டி நிற்கும் தூரத்தைப் பெரும்பாலும் நீட்டிவிடும். ஏனெனில் இறுகிய சக்கரத்தின் முன்னே கற்கள் குவிந்து ஆப்பு வைப்பதுபோல் தடுக்குமே, அந்த உதவியை அது இல்லாமல் செய்துவிடுகிறது.

இதனால்தான் பல கம்பெனிகள் சரளையில் மணிக்கு 80 கிலோமீட்டரே எல்லை என்று விதித்து, வேகத்தைக் குறித்துக்கொள்ளும் கருவியையும் வண்டிக்குள் பொருத்தி வைக்கின்றன. எல்லை மீறினால் கருவி கீச்சிடும். விபத்துக்குப் பிறகு அந்தக் கருவியின் சாட்சியம் நமக்கு எதிராகவும் எடுத்துக்கொள்ளப்படும். என்னைக் கேட்டால் 80 என்பதுகூட நல்ல சாலைக்கு உரிய வேகமே. வளைவிலும் ஏற்றத்தின் உச்சியிலும் அறுபதே போதும். எதிரே புழுதி மண்டலம் வருவது தெரிந்தால் இன்னும் தணித்து ஓரங்கட்டுவது கண்ணாடிக்கும் நல்லது, எதிரே வருகிறவருக்கும் மரியாதை. மாலையில் ஓரிக்ஸ், கூடு முதலிய பெரிய மான் இனங்கள் சாலையைக் குறுக்கிடும். எருமைக்கன்று அளவு கனமுள்ள கூடு ஒன்று முகப்புவிளக்கின் ஒளியில் மிரண்டு பாய்ந்தால் வண்டியும் மிஞ்சாது, மானும் மிஞ்சாது. இருட்டிய பிறகு ஓட்டலாகாது என்ற நிபந்தனை வெறும் சம்பிரதாயமன்று.

டயரில் உள்ள காற்றுத்தான் இப்பிரயாணம் முழுவதற்கும் ஆதாரம் என்று சொன்னால் மிகையாகாது. வண்டியின் பாரத்தை உண்மையில் தாங்குவது ரப்பரன்று, அதற்குள் அடைபட்ட காற்று. பாரம் மாறாமல் காற்றின் அழுத்தத்தைப் பாதியாக்கினால், தரையில் படியும் டயரின் பரப்பு ஏறக்குறைய இரட்டித்துவிடும். பரப்பு பெரிதானால் மணலில் புதையாது. கல்லின் கூர்முனை குத்தும்போது விறைத்து நிற்காமல் நெகிழ்ந்து கொடுக்கும். நம் ஊர் பஞ்சர்க் கடைக்காரர் பவுண்டுக் கணக்கில் சொல்வதை அங்கே பார் என்ற அளவில் சொல்லுகிறார்கள். ஒரு பார் என்பது பதினாலரைப் பவுண்டு. தார்ச்சாலையில் இரண்டேகால் பார் வைத்திருந்த டயரைச் சரளைக்கு இரண்டு பார் அளவுக்கும், ஆழ்ந்த மணலுக்கு 1.2 பார் அளவுக்கும் இறக்குவது பொதுவான வழக்கம். வண்டியின் பாரத்துக்கும் டயரின் ரகத்துக்கும் தக்கபடி இது மாறுமாகையால், கொட்டகையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வித்தையைப் பிரயோகிக்கும் இடம் செஸ்ரியத்துக்கு அப்பால் வருகிறது. வின்ட்ஹூக்கிலிருந்து மலைக்கணவாய்களைக் கடந்து, பாலைவனத்தின் விளிம்பில் பெட்ரோல் பங்க்கும் ஆப்பிள் பணியாரக் கடையுமாக நிற்கும் சாலிட்டேர் வழியாகத் தெற்கே திரும்பினால், பகற்பொழுது முழுவதையும் சாப்பிட்டுவிட்டு வந்து சேரும் ஊர் செஸ்ரியம். ஊர் என்பதைவிட ஒரு வாயில் என்று சொல்வதே பொருந்தும். அங்கிருந்து மணற்குன்றுகளுக்கு நடுவே சுமார் அறுபது கிலோமீட்டருக்கு, ஆச்சரியப்படும்படியாக, நல்ல தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள். சாதாரணக் கார்கள் அச்சாலையின் முடிவிலுள்ள மரநிழலில் நின்றுவிட வேண்டும். அதற்கப்பால் மணற்குன்றுகள் சூழ்ந்த சோசஸ்ஃப்ளே என்னும் தளம் வரையில் ஐந்து கிலோமீட்டர் வெறும் மணல். இவ்வளவு தடபுடலாக நாலு சக்கர இழுவையுள்ள வண்டியைப் பிடித்து வருகிறவர்களில் அநேகருக்கு, அந்த இழுவை அத்தியாவசியமாகும் இடம் யாத்திரை முழுவதிலும் இந்த ஐந்து கிலோமீட்டர்தான்!

மணலின் வாயிலில் இறங்கி, டயர் வால்வின் மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, ஒரு குச்சியின் நுனியால் ஊசியை அழுத்தினால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். இருபது இருபதாக எண்ணி மானியை வைத்துப் பார்த்து, நாலு டயருக்கும் ஒரே அளவாக இறக்க வேண்டும். டயரின் பக்கவாட்டுச் சுவர் தரையருகே இலேசாக உப்பிக்கொண்டு நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு இழுவையை நாலு சக்கரத்துக்கும் மாற்றி, முன்சென்ற வண்டிகளின் தடத்தை விட்டு விலகாமல், நடுத்தரமான ஒரே வேகத்தில், பிரேக்கைத் தொடாமல் சென்றால் வண்டி படகுபோல் அசைந்து அசைந்து போய்ச் சேர்ந்துவிடும். வெயில் ஏறுவதற்கு முன் மணல் இறுக்கமாக இருக்குமாதலால் காலைப்பொழுதே உத்தமம். சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லையானால் அந்த க்ஷணமே காலை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஒரு மிதி மிதித்தால் ஏறிவிடும் என்ற ஆசையில்தான் அச்சு வரையில் புதைத்துக்கொள்கிறார்கள். இறங்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை வாரி, காற்றை இன்னும் சிறிது இறக்கி, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். திரும்பித் தார்ச்சாலையில் ஏறும்போது, கம்பிரஸர் எவ்வளவு மந்தமாக வேலை செய்தாலும், காற்றை முழு அளவுக்கு ஏற்றாமல் புறப்படலாகாது. தளர்ந்த டயர் வேகத்தில் சூடேறி வெடித்துவிடும்.

திருச்செந்தூருக்கு அருகேயுள்ள தேரிக்காட்டின் செம்மணலைப் பார்த்தவர்களுக்கு நமீபின் நிறம் புதிதாகத் தோன்றாது. இரண்டிடத்திலும் மணற்பரல்களின்மேல் படிந்த இரும்பின் துருவே அச்சிவப்புக்குக் காரணம். புதிது அதன் பிரமாண்டமே. சோசஸ்ஃப்ளேயை அடுத்த குன்றுகளுள் உயர்ந்தவை தரையிலிருந்து முந்நூறு மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கின்றன. பல திசைகளிலிருந்தும் காற்று மாறி மாறி வீசுவதால் அவை இடம்பெயராமல் நின்ற நிலையிலேயே நட்சத்திரம்போல் பல கரங்களை விரிக்கின்றன. இம்மணல் உள்ளூர்ச் சரக்குமன்று. ஆரஞ்சு நதி தென்னாப்பிரிக்காவின் மேட்டுநிலங்களை அரித்துக் கொண்டுவந்து அட்லாண்டிக் சமுத்திரத்தில் கொட்டியதை, கடல்நீரோட்டம் கரையோரமாக வடக்கே தள்ளிச் செல்ல, காற்று அதை வாரி உள்நாட்டில் குவித்திருக்கிறது. 2013-இல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் இந்த மணற்கடலை உலகப் பாரம்பரியச் சொத்தாக அங்கீகரித்தனர். இதன் நடுவே டெட்ஃப்ளே என்னும் வெண்களிமண் தளத்தில், ஆறு திசை மாறியதால் பல நூறு ஆண்டுகளுக்கு முன் பட்டுப்போன வேலமர இனத்து மரங்கள், மக்குவதற்கு வேண்டிய ஈரம்கூடக் கிட்டாமல், வெயிலில் கருகி இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. வண்டியை விட்டு ஒரு கிலோமீட்டர்போல் மணலில் நடந்துதான் அவ்விடத்தை அடைய முடியும் என்பது ஒரு பாக்கியம்.

சாலிட்டேரிலிருந்து வடமேற்கே கடற்கரைப் பட்டினங்களான வால்விஸ் பே, சுவாகோப்மண்ட் ஆகியவற்றை நோக்கிச் செல்லும் சி 14 சாலை, மகரரேகையைத் தாண்டி, கூய்செப் ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறுகிறது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, யுத்தத்தில் பங்குகொள்ளவும் மனமில்லாமல், எதிரி நாட்டாரென்று முகாமில் அடைபடவும் மனமில்லாமல், ஹென்னோ மார்ட்டின், ஹெர்மன் கோர்ன் என்ற இரு ஜெர்மானிய நிலவியல் அறிஞர்கள், ஆட்டோ என்ற தங்கள் நாயோடும் ஒரு மோட்டார் லாரியோடும் 1940-இல் வந்து ஒளிந்த இடம் இதுவே. வேட்டையாடித் தின்றும் ஊற்றுநீரைக் குடித்தும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். கோர்னுக்குக் கடுமையான நோய் கண்டபோதுதான் வெளியே வந்தார்கள். குளிர்பெட்டியும் இரண்டு ஸ்டெப்னியுமாக அவ்வழியே செல்லும் நாம் நம்மைச் சாகசக்காரர்களென்று நினைத்துக்கொள்ளாமலிருப்பதற்கு இக்கதை உதவும்.

பள்ளத்தாக்கைத் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டையான சரளைவெளி. சாலையை விட்டு விலகி அதில் ஒரு வட்டமடித்துப் பார்க்கலாமே என்ற சபலம் அங்கேதான் உண்டாகும். அதற்குத்தானே இப்படிப்பட்ட வண்டி என்றும் தோன்றும். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, அவ்வெளி வெறுமையானதன்று. கடற்பனியை மட்டும் பருகி வாழும் கற்பாசி இனங்கள் கற்களின்மேலும் மண்ணின்மேலும் படர்ந்திருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை அவை. சுவாகோப்மண்டுக்கு அருகே, மாட்டு வண்டிகள் ஓடிய காலத்துச் சக்கரத்தடங்கள் இன்றும் அழியாமல் தெரிகின்றன. கடலோரச் சமவெளியில் டமாரா ஆலா என்ற சிறு பறவை கூடு கட்டாமல் வெறுந்தரையில் பெரும்பாலும் ஒற்றை முட்டையிடுகிறது. கல்லுக்கும் முட்டைக்கும் பேதம் தெரியாத அந்த இடத்தில் ஒரு சக்கரம் உருண்டால் அவ்வாண்டின் சந்ததி போயிற்று. தெற்கேயோ, 1908-இல் வைரம் அகப்பட்டது முதல் பிறர் நுழையாதபடி காவலிட்ட விஸ்தாரமான பிரதேசம் இருக்கிறது. தடம் தெரிகிறதே என்று அங்கே வண்டியைத் திருப்பினால் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

நாட்டின் வடமேற்கிலுள்ள காவோகோலாந்து முற்றிலும் வேறு விஷயம். அங்கே சாலையென்பது வறண்ட ஆற்றுப்படுகை. வான் ஸில் கணவாயில் கிழக்கிலிருந்து மேற்காக இறங்கலாமேயன்றி ஏறுதல் கூடாது. கம்பெனிகள் பல தங்கள் வண்டியை அதில் விடுவதற்கு அனுமதிப்பதேயில்லை. இரண்டு வண்டிகளாகச் சேர்ந்து செல்லாதவர்களும், மணலில் முன்பே பழகாதவர்களும் அப்பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

ஆகவே முதல் தடவையாகச் செல்கிறவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வின்ட்ஹூக், செஸ்ரியம், சுவாகோப்மண்ட் என்ற வழக்கமான வட்டத்தோடு திரும்புவதானால் நாலு சக்கர இழுவை கட்டாயமில்லை. தரையிலிருந்து நன்கு உயர்ந்த சாதாரண வண்டி போதும். கடைசி ஐந்து கிலோமீட்டருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்துச் செல்லும் வண்டிகள் தார்ச்சாலையின் முடிவிலேயே காத்திருக்கின்றன. இரவில் திறந்தவெளியில் கூடாரமடித்துத் தங்க விரும்புகிறவர்களும், மணலில் தாமே ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் பெரிய வண்டியை எடுக்கட்டும். மே முதல் அக்டோபர் வரையில் மழையற்ற காலமாகையால் அப்போது வண்டிக்குக் கிராக்கி அதிகம். பல மாதங்களுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். எந்த வண்டியானாலும் டயர்ப் பாதுகாப்புக்குப் பணம் கட்டுங்கள், டாங்க்கைப் பாதியாகும்போதே நிரப்புங்கள், ஐந்து மணிக்குள் தங்குமிடம் போய்ச் சேருங்கள்.